சேவல் ஒரு காலை ஊன்றாமல் நொண்டும்போது செய்ய வேண்டியவை

இரண்டு வயதுச் சேவல் ஒன்று மூன்று நாள்களாக வலது காலை ஊன்றாமல் நொண்டுகிறது, பெரும்பாலான நேரம் உட்கார்ந்தே இருக்கிறது, தீனி எடுத்தாலும் முன்பு எடுத்த அளவு எடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காலுக்குக் கட்டுப் போடலாமா, வலிக்கு நாம் சாப்பிடும் மாத்திரையைக் கொடுக்கலாமா, அது மறுபடி நன்றாக நடக்குமா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டிருக்கிறீர்கள். மாத்திரை கொடுக்க வேண்டாம். எந்த இடத்தில் என்ன ஆகியிருக்கிறது என்று தெரியும் வரை கட்டும் போட வேண்டாம். இன்றே அதைக் கூட்டத்திலிருந்து பிரித்து, சிறிய இடத்தில், மெத்தென்ற படுக்கையில் அடைத்து வையுங்கள். நடக்குமா என்ற கேள்விக்கான விடை காரணத்தைப் பொறுத்தது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதைத்தான் கீழே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

அடைத்து வைப்பதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோழி பிற விலங்குகளுக்கு இரையாகும் பறவை. வலியையும் பலவீனத்தையும் மறைத்துக்கொள்வது அதன் இயல்பு. சேவலுக்கோ கூட்டத்தில் தன் இடத்தைக் காத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் கூடுதலாக இருக்கிறது. ஆகவே பார்ப்பவருக்குத் தெரியும்படி ஒரு சேவல் நொண்டுகிறது என்றால், அதன் வலி நாம் ஊகிப்பதைவிட அதிகம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியே விட்டால் அது பெட்டைகளின் பின்னால் போகும், சிறு சத்தத்துக்கும் விழுந்தடித்து ஓடும், இரவில் உயரமான கட்டையில் ஏறி விடியலில் அங்கிருந்து குதிக்கும். ஓரிரு வாரங்களில் ஆற வேண்டிய சுளுக்கு மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் இதனால்தான்.

பிடிக்கும்போது துரத்த வேண்டாம். நொண்டும் சேவலைத் துரத்திப் பிடித்தால், விரிசல் விட்ட எலும்பு அந்த ஓட்டத்திலேயே முழுதாக முறியக்கூடும். இருட்டிய பிறகு அது அடைந்திருக்கும் நேரத்தில் மங்கலான வெளிச்சத்தில் அணுகி, ஒரு துணியைத் தலையும் இறக்கைகளும் மறையும்படி மேலே போட்டு, இரு கைகளாலும் இறக்கைகளை உடலோடு சேர்த்துத் தூக்குங்கள். கண் மறைந்தால் முரட்டுச் சேவலும் அடங்கிவிடும். ஒன்றை மறக்க வேண்டாம்: பறவைகளுக்கு உதரவிதானம் கிடையாது, மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு உள்ளே போகும். அதனால் துணியை மார்பைச் சுற்றி இறுக்கக் கூடாது, மார்பை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது எந்தக் கோழிக்குமே நல்லதல்ல. கால் அடிபட்டதற்கு அறவே கூடாது.

இனி, பரிசோதனை. கோழியின் காலைப் பார்த்ததும் பின்பக்கமாக மடியும் மூட்டை முழங்கால் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது கணுக்கால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றையொட்டி, இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. இடுப்பு மூட்டு அதற்கும் மேலே முதுகுப் பக்கத்தில் இருக்கிறது. இதை மனத்தில் வாங்கிக்கொண்டால், கண்ணுக்குத் தெரியும் செதில் மூடிய பகுதியை மட்டும் தடவிப் பார்த்துவிட்டுக் காலில் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டும் பிழை நேராது. முதலில் நல்ல காலைப் பாதத்திலிருந்து தொடை வரை மெதுவாகத் தடவுங்கள். அதன் வடிவம், சூடு, மூட்டுகள் எவ்வளவு மடங்குகின்றன என்பதெல்லாம் உங்கள் விரல்களுக்குப் பழகட்டும். பிறகு அதே வரிசையில் அடிபட்ட காலைத் தடவுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் உங்களுக்கு வேண்டிய தகவல். எங்கே வீக்கம், எங்கே கூடுதல் சூடு, எந்த இடத்தைத் தொட்டால் காலை வெடுக்கென்று இழுக்கிறது, எங்கே எலும்பு இயல்பில்லாமல் அசைகிறது, உரசும் உணர்வு எங்காவது கைக்குத் தட்டுப்படுகிறதா என்று கவனித்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உரசல் தெரிந்த இடத்தை உறுதி செய்துகொள்வதற்காக மறுபடி மறுபடி அசைக்க வேண்டாம்.

தோலின் நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலரை வீணாகப் பயமுறுத்துகிறது. அடிபட்ட இடம் ஓரிரு நாளில் பச்சையாக மாறுவது பறவைகளில் இயல்பு. உறைந்த இரத்தம் சிதையும்போது அவற்றின் உடலில் பச்சை நிறமி உருவாகிறது. நம் உடலில் அது அடுத்த கட்டமாக மஞ்சளாக மாறுவதுபோல் பறவைகளில் மாறுவதில்லை. ஆகவே தொடையிலோ கணுக்காலுக்கு மேலோ பச்சைத் திட்டு தெரிந்தால் அது பெரும்பாலும் சில நாள் பழைய அடிதான்; சதை அழுகிவிட்டது என்று நினைத்துக் கலங்க வேண்டாம். விரலோ பாதமோ கறுத்து, குளிர்ந்து, காய்ந்துபோய், தொட்டால் உணர்ச்சியில்லாமல் இருந்தால் அது வேறு. அங்கே இரத்த ஓட்டம் நின்றுவிட்டது என்று பொருள். அப்படி இருந்தால் விரல்களைச் சுற்றி நூலோ முடியோ இறுகியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள். மெல்லிய நூல் செதில்களுக்கு இடையே புதைந்து வீக்கத்துக்குள் மறைந்துவிடும். குஞ்சாக இருந்தபோது மாட்டிய அடையாள வளையம், கால் பருத்த பிறகு சதைக்குள் இறங்கியிருப்பதும் உண்டு.

பாதத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்காமல் பரிசோதனையை முடிக்காதீர்கள். வளர்ந்த சேவல் நொண்டுவதற்கு மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று உள்ளங்காலில் வரும் கட்டி. நடுவில் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு பொருக்கு, அதைச் சுற்றி வீங்கிச் சிவந்த மெத்தை, தொட்டால் சூடு என்று இருந்தால் அதுதான். சொரசொரப்பான அல்லது கூர்முனையுள்ள கட்டையில் அடைவது, உயரத்திலிருந்து கடினமான தரையில் குதிப்பது, உடல் எடை மிகுந்துபோவது, எப்போதும் ஈரமாக இருக்கும் படுக்கை ஆகியவற்றால் பாதத்தின் தோலில் சிறு கீறல் விழுகிறது. அதன் வழியே நுண்ணுயிரிகள், பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா, உள்ளே புகுகின்றன. சேவல் பெட்டையைவிடக் கனமானது, குதிக்கும்போது பாதம் வாங்கும் அடியும் அதிகம். அதனால் இது சேவல்களை எளிதில் பிடிக்கிறது.

இந்தக் கட்டியைக் கையாளும்போது பறவையின் சீழ் நம்முடைய சீழ் போன்றதல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். அது நீராக இருக்காது. பாலாடைக்கட்டி போல இறுகித் திரண்டு, உள்ளே ஒரு முளையாக நிற்கும். ஊசியால் குத்தி விட்டாலோ பிதுக்கினாலோ வெளியே வராது. பிதுக்கும் அழுத்தத்தில் நோய்த்தொற்று ஆழமாக இறங்கி, தசைநாண்களையும் எலும்பையும் தொட்டுவிடலாம். கட்டி சிறியதாகவும் மேலோட்டமாகவும் இருந்தால், எப்சம் உப்பு (மக்னீசியம் சல்ஃபேட்) கலந்த வெதுவெதுப்பான நீரில் பாதத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, பொருக்கு தானாக இளகினால் மட்டும் அதை அகற்றி, போவிடோன் அயோடினை வெளிறிய தேநீர் நிறம் வரும்வரை நீர்க்கச் செய்து கழுவி, உலரவைத்து, ஒட்டாத துணிப்பஞ்சு வைத்து மேலே கட்டுப் போடலாம். அந்த உப்பு நீரைச் சேவல் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடித்தால் வயிறு போகும். கட்டுத்துணியை ஒவ்வொரு நாளும் மாற்ற வேண்டும், ஈரமானால் உடனே மாற்ற வேண்டும். கையுறை அணியுங்கள், ஏனெனில் அதே பாக்டீரியா நம் தோலிலும் தொற்றக்கூடியது. வீக்கம் பாதத்தின் மேல்பக்கம் வரை தெரிந்தாலோ, விரல்களுக்கிடையே பரவியிருந்தாலோ, கணுக்கால் மூட்டும் சேர்ந்து வீங்கியிருந்தாலோ அது வீட்டில் அறுத்துச் சுத்தம் செய்யும் வேலை அல்ல. வலி மரத்துப்போகும் மருந்து இல்லாமல் கத்தியால் கிளறுவது பறவைக்குச் செய்யும் கொடுமை என்பதே என் உறுதியான கருத்து. அதைக் கால்நடை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

பாதம் சுத்தமாக இருக்கிறது என்றால் அடுத்து மேலே போகலாம். செதில்கள் தூக்கிக்கொண்டு, சாம்பல் பூத்தது போலத் தடித்திருந்தால் அது செதில்களுக்கு அடியில் வாழும் நுண்பூச்சியின் வேலை. இரண்டு கால்களிலும்தான் பெரும்பாலும் இருக்கும், முற்றினால் மட்டுமே நொண்டலாகும். கால்களை ஊறவைத்து, மெதுவாகத் தேய்த்துக் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லியைக் கனமாகப் பூசிவந்தால் பூச்சிகள் மூச்சடைத்துச் சாகும். பல வாரம் விடாமல் செய்ய வேண்டும், மற்றக் கோழிகளின் கால்களையும் பார்க்க வேண்டும். சேவலின் கால் முள் உடைந்தோ அதன் மேலுறை கழன்றோ போயிருந்தால் உள்ளிருக்கும் எலும்பு மையம் சிவந்து, இரத்தம் கசியும். சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். மேலுறை நாளடைவில் வளர்ந்துவிடும். சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தும் என்பதால் அது காய்ந்து இறுகும்வரை தனியாக வையுங்கள்.

உங்கள் சேவலுக்கு வீக்கம் லேசாகவும், எலும்புகள் நேராகவும், மூட்டுகள் இரு பக்கமும் ஒரே அளவு மடங்குவதாகவும் இருந்து, குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் வலி தெரிந்தால் அது சுளுக்கு அல்லது தசைப்பிடிப்பு என்று கொள்ளலாம். இதற்குக் கட்டும் வேண்டாம், தைலமும் வேண்டாம். ஓய்வு ஒன்றுதான் மருந்து. குறைந்தது ஒரு வாரம், சாதாரணமாக இரண்டு வாரம் அடைத்து வைக்க வேண்டும். நான்காம் ஐந்தாம் நாளில் அது காலை ஊன்றத் தொடங்கும், கூவவும் செய்யும். அதைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று திறந்து விடுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. வலி குறைந்திருக்கிறது, தசைநார் இன்னும் சேரவில்லை. நொண்டல் முழுதும் நின்ற பிறகும் சில நாள் கூடுதலாக அடைத்து வைப்பது நல்லது.

எலும்பு முறிவு என்றால் கதை வேறு. செதில் மூடிய கீழ்த்தண்டில் முறிவு ஏற்பட்டு, தோல் கிழியாமலும் எலும்பு விலகாமலும் இருந்தால், தற்காலிகமாக ஒரு தாங்கு கட்டு போட்டு மருத்துவரிடம் கொண்டு போகலாம். பஞ்சைச் சுற்றி, இரு பக்கமும் மெல்லிய மரச்சிம்பு வைத்து, தன்னோடு தானே ஒட்டும் மீள்பட்டையால் மேலே சுற்றுங்கள். சாதாரண ஒட்டுப்பட்டை உரிக்கும்போது தோலையும் சேர்த்து உரித்துவிடும். முறிவுக்கு மேலுள்ள மூட்டும் கீழுள்ள மூட்டும் அசையாமல் இருந்தால்தான் கட்டு பயன் தரும். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். முதல் நாளில் சில மணிக்கு ஒருமுறை அவற்றைத் தொட்டுப் பாருங்கள். வீங்கினாலோ குளிர்ந்தாலோ நிறம் மாறினாலோ கட்டு இறுக்கம் என்று அர்த்தம், உடனே அவிழ்த்துத் தளர்த்த வேண்டும். இறுகிய கட்டினால் கால் போன சேவல்கள், முறிவினால் கால் போன சேவல்களைவிடக் குறைவில்லை என்று அஞ்சுகிறேன். பறவைகளின் எலும்பு விரைவாகச் சேரும். நேராகப் பொருத்தப்பட்ட எளிய முறிவு மூன்று வாரத்தில் ஓரளவு உறுதிப்பட்டுவிடும். கோணலாக வைத்தாலும் அதே வேகத்தில் கோணலாகவே சேர்ந்துவிடும் என்பதால்தான், மருத்துவரிடம் போவதை ஒரு வாரம் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன். தொடை எலும்பு முறிவுக்கும் இடுப்பு மூட்டு விலகலுக்கும் வெளியிலிருந்து சிம்பு வைத்துக் கட்ட வழியில்லை. அங்கே போடும் கட்டு தொங்கிக் கனம் கூட்டி, முறிவை இன்னும் விலக்கும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால், ஈரமான சுத்தத் துணியால் மூடி அன்றே கொண்டு போக வேண்டும்.

காலில் அடியே இல்லாமல் கால் செயலிழப்பதும் உண்டு. வீக்கம் இல்லை, சூடு இல்லை, எந்த இடத்தைத் தொட்டாலும் வலி இல்லை, ஆனால் கால் துவண்டிருக்கிறது அல்லது விரல்கள் மடங்கி, புறங்காலில் நடக்கிறது என்றால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு காலை முன்னேயும் ஒரு காலைப் பின்னேயும் நீட்டிக்கொண்டு கிடப்பது மேரக்ஸ் என்னும் வைரஸ் நோயின் பழகிய தோற்றம். அது பெரும்பாலும் ஒன்றரை மாதத்திலிருந்து ஏழு மாதத்துக்குள்ளான இளங்கோழிகளைத் தாக்குவது. இரண்டு வயதில் வாய்ப்புக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அதற்குச் சிகிச்சை கிடையாது. குஞ்சு பொரித்த நாளில் போடும் தடுப்பூசிதான் பாதுகாப்பு. இன்னொன்று, காலுக்குப் போகும் நரம்புப் பின்னல் பறவைகளில் சிறுநீரகத்தின் ஊடாகச் செல்கிறது. சிறுநீரகம் வீங்கினாலோ அங்கே கட்டி வளர்ந்தாலோ நரம்பு நசுங்கி ஒரு கால் மட்டும் செயலிழக்கும். காலைத் தடவிப் பார்ப்பவருக்கு ஒன்றுமே புலப்படாது. இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் விழுந்தாலோ, கழுத்தும் தொங்கினாலோ அல்லது முறுக்கிக்கொண்டாலோ, கூட்டத்தில் வேறு கோழிகளும் நொண்டினாலோ அதைக் காயம் என்று கருதாமல் நோய் என்று கருதி, உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். வெள்ளைக்கழிச்சல் என்னும் வைரஸ் நோயிலும் கால் முடங்குதலும் கழுத்து முறுக்குதலும் வரும்.

சேவலை வைக்கும் இடத்தைப் பற்றி இனிச் சொல்கிறேன். அது எழுந்து நிற்கவும் திரும்பவும் போதுமான, ஆனால் நடந்து திரியவோ பறக்கவோ இடம் தராத கூண்டு வேண்டும். உள்ளே அடையும் கட்டை எதுவும் இருக்கக் கூடாது. தரையில் வழுக்காத ஒரு விரிப்பு, அதன்மேல் நான்கு விரல் கனத்துக்கு மரச்சீவல் அல்லது நறுக்கிய வைக்கோல் போடுங்கள். வெறும் செய்தித்தாள் வழுக்கும். ஒரே காலில் எழ முயலும் சேவல் வழுக்கி விழுந்தால் நல்ல காலும் போய்விடும். குளிர்காற்று அடிக்காத, வெயில் நேராக விழாத இடமாக இருக்கட்டும். மற்றக் கோழிகள் கண்ணுக்குத் தெரியும்படியோ சத்தம் கேட்கும்படியோ வைத்தால் நல்லது. முற்றிலும் தனித்துவிடப்பட்ட கோழி சோர்ந்து தீனியைக் குறைத்துவிடும். வேறொரு சேவல் நேருக்கு நேர் தெரியும்படி மட்டும் வைக்க வேண்டாம். கம்பிக்கு இடையே பாய முயன்று காலை மறுபடி அடிபட வைக்கும்.

தீனியும் தண்ணீரும் உட்கார்ந்த நிலையில் அலகுக்கு எட்ட வேண்டும். வளர்ந்த சேவல் ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 முதல் 150 கிராம் தீவனமும் அதைப்போல் இருமடங்கு தண்ணீரும் எடுக்கும். வெயில் காலத்தில் தண்ணீர் இன்னும் கூடும். எடுக்கும் அளவைக் கண்ணால் மதிப்பிடாமல் காலையில் அளந்து வைத்து மாலையில் மீதியைப் பாருங்கள். வாய்ப்பிருந்தால் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எடையும் போடுங்கள், ஏனெனில் இறகு போர்த்திய பறவை இளைத்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மார்பெலும்பின் விளிம்பு கத்திபோல் கைக்குத் தட்டுப்படத் தொடங்கிவிட்டால் அது ஏற்கெனவே நிறைய இளைத்துவிட்டது. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் காத்திருக்கக் கூடாது. எச்சம் கடும்பச்சையாகவும் கொஞ்சமாகவும் இருந்தால் போதுமான தீனி உள்ளே போகவில்லை என்பதற்கு அடையாளம். அதே தீவனத்தைத் தண்ணீரில் குழைத்துக் கொடுத்தால் பெரும்பாலான சேவல்கள் ஆவலோடு தின்னும். தண்ணீரும் உள்ளே போகும்.

உங்கள் சேவல் என்ன தீவனம் தின்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. சேவலையும் பெட்டைகளையும் கலந்து வளர்ப்பவர்கள் பெரும்பாலும் முட்டைக்கோழித் தீவனத்தையே எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள். முட்டை ஓடு உருவாவதற்காக அதில் 3.5 முதல் 4 விழுக்காடு வரை சுண்ணாம்புச் சத்து சேர்க்கப்படுகிறது. முட்டையிடாத சேவலுக்கு ஒரு விழுக்காட்டளவே போதும். மிகுதியை வெளியேற்றும் வேலை முழுதும் சிறுநீரகத்தின்மேல் விழுகிறது. நீண்ட காலத்தில் சிறுநீரகம் கெட்டு, மூட்டுகளில் யூரிக் அமில உப்புகள் படிந்து, அதுவே கால் வலியாக மாறலாம். ஆகவே இந்த ஓய்வுக் காலத்திலேயே வளர்கோழித் தீவனத்துக்கு மாற்றிவிடுங்கள். முறிந்த எலும்பு சேர வேண்டும் என்று கூடுதலாகச் சுண்ணாம்பு கொடுப்பதும் இதே காரணத்தால் தவறு. பி வைட்டமின்கள் கலந்த நீர்மருந்தை ஓரிரு வாரம் குடிநீரில் கொடுப்பதில் தீங்கில்லை. நரம்புக் குறைபாடு சந்தேகமானால் அதற்குப் பயனும் உண்டு. அதுவே குணப்படுத்திவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

வலி மருந்து பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டைக்ளோஃபினாக் என்னும் வலி மருந்து பறவைகளின் சிறுநீரகத்தை அழிக்கக்கூடியது. தெற்காசியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்ததற்கு, அந்த மருந்து செலுத்தப்பட்ட மாடுகளின் சடலத்தை அவை தின்றதே காரணம் என்று 2004-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நம் வீட்டு மருந்துப்பெட்டியில் இருக்கும் வலி மாத்திரை எதையும், எவ்வளவு சிறு துண்டாக உடைத்தாலும், சேவலுக்குக் கொடுக்காதீர்கள். பறவைகளுக்கு மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்துவது மெலாக்சிகாம். அதையும் எடை பார்த்து அளவு சொல்ல மருத்துவர் வேண்டும், பறவை நீர்ச்சத்து இழக்காமல் இருக்கவும் வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் அப்படியே: சுளுக்குக்கு அது தேவையே இல்லை, திறந்த காயத்துக்கும் ஆழ்ந்த கட்டிக்கும் எது, எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். மருந்து கொடுத்த பறவையை உணவாக்குவதற்கு முன் எத்தனை நாள் கழிய வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

திறந்த காயம் இருந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒன்பது கிராம் உப்புக் கரைத்து, அந்த நீரைத் தாராளமாக ஊற்றிக் கழுவுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துக்கொண்டு சுத்தம் செய்வதுபோல் தெரிந்தாலும் புதிதாக வளரும் திசுவையும் எரித்துவிடுகிறது. ஈக்கள் இருக்கும் பருவத்தில் காயத்தையும் எச்சத்துளையைச் சுற்றியுள்ள இறகுகளையும் காலையும் மாலையும் பாருங்கள். உட்கார்ந்தே இருக்கும் கோழியின் பின்பகுதியில் எச்சம் ஒட்டிக் காயும். ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். வெதுவெதுப்பான நீரால் கழுவி, முழுதும் உலர்த்திய பிறகே கூண்டில் விடுங்கள்.

இரண்டு மூன்று நாளுக்குமேல் எழவே முடியாமல் கிடக்கும் சேவலுக்கு மார்பெலும்பின்மேல் தோல் புண்ணாகும், நல்ல காலும் மரத்துப்போகும். அப்படிப்பட்டதற்கு ஒரு தொட்டில் செய்யலாம்: உறுதியான துணியில் கால்கள் இரண்டும் இறங்கவும் எச்சம் விழவும் துளைகள் வெட்டி, பாதங்கள் தரையை லேசாகத் தொடும் உயரத்தில் ஒரு சட்டத்தில் கட்ட வேண்டும். முதலில் பத்து நிமிடம், பழகிய பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம். மார்பு நசுங்காமலும் தனியே விட்டுவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தரையில் கிடக்கும் நேரத்தில் சில மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிக் கிடத்துங்கள். திமிறுகிற சேவலைத் தொட்டிலில் கட்டாயப்படுத்த வேண்டாம். அந்தப் போராட்டத்தில் கிடைக்கும் நன்மையைவிடக் கெடுதல் அதிகம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். முறிவு, மூட்டு விலகல், ஆழமான காயம், விலங்கு கடித்தது, கணுக்கால் மூட்டு சூடாக வீங்கியது ஆகியவற்றில் காத்திருக்கவே வேண்டாம். சுளுக்கு என்று நினைத்து அடைத்து வைத்ததில் ஐந்து நாளுக்குள் சிறிதும் முன்னேற்றம் இல்லை என்றால் நினைத்தது தவறு என்று கொண்டு காட்டுங்கள். கால் முழுதும் இழந்த பறவை வாழ முடியாதா என்றும் சிலர் கேட்பார்கள். ஒன்றிரண்டு விரல் போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. எடை குறைந்த இனச் சேவல் ஒரே காலில் பல காலம் நன்றாகவே வாழ்ந்துவிடும். கனத்த இனங்களில் மொத்தச் சுமையும் எஞ்சிய பாதத்தின்மேல் விழுந்து அங்கும் கட்டி வரும். தீனி எடுக்காமல், எழ முடியாமல், வலி குறையாமல் ஒரு பறவை வாரக்கணக்கில் கிடந்தால், அதை வலியில்லாமல் விடுவிக்கும்படி மருத்துவரிடம் கேட்பதும் பராமரிப்பின் ஒரு பகுதிதான். அதில் குற்றவுணர்வுக்கு இடமில்லை.

உங்கள் சேவல் தேறும் என்றே நம்புகிறேன். தீனி எடுப்பது நல்ல அறிகுறி. தேறிய பிறகு கூட்டத்தில் சேர்ப்பதிலும் அவசரம் வேண்டாம். ஓரிரு வாரம் இல்லாமல் போன சேவலின் இடத்தை இன்னொன்று பிடித்திருக்கும். திரும்பியதும் சண்டை நிச்சயம். முதலில் கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சில நாள் வையுங்கள், பிறகு அமைதியான இரண்டொரு பெட்டைகளோடு மட்டும் விடுங்கள், வேறு சேவல் இருந்தால் கடைசியாகச் சேருங்கள். பெட்டைமேல் ஏறும்போது முழு எடையும் இரு கால்களின் பிடியில் நிற்பதால், நடை முழுதும் சீரான பிறகே பெட்டைகளோடு விட வேண்டும். அடையும் கட்டையை நம் முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் தாழ்த்தி, கூர்முனை இல்லாத அகலமான கட்டையாக மாற்றி, ஏறி இறங்க ஒரு சாய்பலகையும் வைத்துவிடுங்கள். முள் நீண்டு வளைந்து மறுகாலில் இடித்தால் நுனியை மட்டும் அரத்தால் மழுக்குங்கள். அடியில் இரத்தக் குழாய் உண்டு. முதல் வாரத்தில் மாலைதோறும் பாதத்தைத் திருப்பிப் பார்த்து, சூடோ வீக்கமோ தெரிந்தால் மறுநாள் விடியும்வரை காத்திராமல் அப்போதே திரும்பக் கூண்டில் விடுங்கள்.